வாசகர் கேள்வி – பதில்: இடிக்கு அஞ்சாத வானொலி

பண்பலை ஒலிபரப்பு எப்படித் தோன்றியது என்ற கேள்விக்குச் சென்ற இதழில் விடை எழுதியபோது, அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. அவற்றைப் படித்தபின், இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்குவது தகும் என்று தோன்றியது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கும்பகோணம் வாசகர் ஒருவர்: வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனி என்று பள்ளியில் படித்தோம். இல்லை, நம் ஜகதீஷ் சந்திர போஸ்தான் என்று பின்னர் பலரும் எழுதினார்கள். நீங்களோ ஆர்ம்ஸ்ட்ராங் என்கிறீர்கள். உண்மையில் யார்?

வானொலி ஒருவர் கையில் முழுதாகப் பிறந்த பொருள் அன்று. மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்பதை 1860களில் மாக்ஸ்வெல் கணக்கால் காட்டினார். 1887, 1888 ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் அவற்றைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1895-இல் போஸ் கல்கத்தாவில் சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் மணியை அடிக்க வைத்தார். மிகக் குறுகிய அலைகளில் அவர் செய்த ஆய்வு அக்காலத்துக்கு வெகு முன்னால் நின்றது. அந்த அலைகளைத் தந்திச் செய்தி அனுப்பும் தொழிலாக மாற்றி, 1901-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டச் செய்தவர் மார்க்கோனி. ஆகவே போஸின் பெருமையை மார்க்கோனியிடமிருந்து பறித்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை. இருவரும் செய்த வேலைகள் வேறு வேறு.

ஆனால் இவர்கள் அனைவரும் தந்த வானொலியை இன்று நம் வீட்டில் வைத்தால் நம்மால் எதையும் கேட்க முடியாது. வந்து சேரும் அலை மிகமிக மெலிந்தது. அதைப் பெருக்க வழி இல்லை. ஒரே நேரத்தில் பல நிலையங்கள் பேசினால் ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க வழி இல்லை. இடியும் மின்பொறியும் எழுப்பும் இரைச்சலை நீக்கவும் வழி இல்லை. இந்த மூன்று குறைகளுக்கும் தீர்வு தந்த மூன்று மின்சுற்றுகள் ஒரே மனிதரிடமிருந்து வந்தன என்பதே ஆர்ம்ஸ்ட்ராங்கைத் தனியே வைத்துப் பேசக் காரணம். 1912-இல் மீள்ஊட்டச் சுற்று, 1918-இல் சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பி, 1933-இல் அகன்ற அலைவரிசைப் பண்பலை. வானொலி என்ற ஒலிபெட்டிக்கு யாரேனும் ஒருவரைத் தந்தையாகச் சொல்லியே தீர வேண்டும் என்றால், என் ஓட்டு இவருக்கே.

அவர் 1890 டிசம்பர் 18-இல் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுவயதில் கடுங்காய்ச்சல் ஒன்றால் நீண்ட காலம் பள்ளிக்குச் செல்ல இயலாமல் வீட்டிலேயே இருந்தார். அந்நோய் விட்டுச்சென்ற தோள் நடுக்கம் கடைசி வரை மாறவில்லை. குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள யாங்கர்ஸ் ஊருக்குக் குடிபெயர்ந்தபின், வீட்டின் மேல்மாடி அறையே அவருக்குப் பட்டறையாயிற்று. இளைஞராக இருந்தபோது வீட்டருகே 125 அடி உயரத்துக்கு ஏரியல் கம்பம் ஒன்றைத் தாமே கட்டி, கயிற்றில் தொங்கும் பலகையில் அமர்ந்து அதன் உச்சிக்கு ஏறுவாராம். உயரத்தின் மீது அவருக்கிருந்த விருப்பம் பின்னாளிலும் குறையவில்லை.

பாபநாசத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவர்: இளநிலைப் பட்டப்படிப்பு மாணவராக இருந்தபோதே முதல் கண்டுபிடிப்பைச் செய்தார் என்று படித்தேன். பெரிய சோதனைக்கூடங்கள் செய்ய முடியாததை ஒரு மாணவர் எப்படிச் செய்தார்?

லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் உருவாக்கிய ‘ஆடியான்’ என்னும் மூன்று மின்முனை வால்வு அப்போது கடைகளில் கிடைத்தது. அலையை உணர அது பயன்பட்டது. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பது அதை உருவாக்கியவருக்கே தெளிவாக விளங்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஆர்ம்ஸ்ட்ராங் செய்த முதல் காரியம், பிறர் சொன்ன விளக்கத்தை ஒதுக்கிவிட்டு, வால்வின் ஒவ்வொரு முனையிலும் மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று பொறுமையாக அளந்து பார்த்ததுதான். தட்டு முனையிலிருந்து வெளிவரும் மின்னோட்டத்தில் உயர் அதிர்வெண் கூறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை அந்த அளவீடு காட்டியது. அப்படியானால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பினால் அது மீண்டும் பெருகும், பெருகியது மீண்டும் உள்ளே வரும் என்று அவர் கண்டார். 1912 செப்டம்பரில் அந்தச் சுற்று வேலை செய்தது. அதுவரை காதொலிப்பானை இறுக்கிப் பிடித்தும் கேட்காத தொலைதூரத் தந்திகள், காதொலிப்பானை மேசை மீது வைத்தாலும் கேட்கும் அளவுக்கு ஓங்கி ஒலித்தன.

நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே திருப்பிவிட்டால் ‘ஊய்’ என்று காது கிழியக் கூவும் அல்லவா? ஒலிபெருக்கியிலிருந்து வந்த ஒலி மைக்கிற்குள் நுழைந்து, பெருகி, மறுபடியும் நுழைவதால் அப்படி ஆகிறது. ஆர்ம்ஸ்ட்ராங் செய்தது அதே சுழற்சியை வானொலி அலையில், கூவல் தொடங்குவதற்குச் சற்று முன்பாக நிறுத்தி வைத்ததாகும். அந்த விளிம்பில் வால்வு ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்குகிறது. விளிம்பைத் தாண்டவிட்டால் வால்வு தானே இடைவிடாத அலையை உண்டாக்கத் தொடங்குகிறது. அதையும் அவர் கவனித்தார். எனவே பெருக்கி, அலை உண்டாக்கி ஆகிய இரண்டும் ஒரே சுற்றில் கிடைத்துவிட்டன. வானொலி நிலையங்கள் பெரும் இயந்திரங்களையும் தீப்பொறிகளையும் விட்டு வால்வுகளுக்கு மாறியது இதன் விளைவே.

கேள்வி கேட்ட மாணவி இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டம் பெறும் வரை காப்புரிமைக்குப் பணம் தர முடியாது என்று தந்தை மறுத்துவிட்டார். ஆகவே உறவினர் ஒருவரின் அறிவுரைப்படி, சுற்றின் வரைபடத்தை மட்டும் 1913 ஜனவரி 31 அன்று சான்றுறுதி அலுவலரிடம் கையொப்பம் பெற்று வைத்துக்கொண்டார். முறையான விண்ணப்பம் அக்டோபரில்தான் போயிற்று. 1914 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. அந்தத் தாமதத்தின் விலையை அவர் இருபது ஆண்டுகள் நீதிமன்றங்களில் கொடுக்க நேர்ந்தது. சோதனை செய்யும் ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி, ஆசிரியரிடம் கையொப்பம் பெறும் வழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

மன்னார்குடி வாசகர், வானொலி பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்: நாங்கள் பழகிய எல்லா டிரான்சிஸ்டர் பெட்டிகளிலும், எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும், ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) அளவு 455 கிலோஹெர்ட்ஸ் என்றே இருந்தது. இதற்கும் ஆர்ம்ஸ்ட்ராங்கிற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. நீங்கள் ஆயுள் முழுவதும் பழுதுபார்த்தது அவருடைய சுற்றைத்தான்.

முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையின் தகவல் தொடர்புப் பிரிவு அதிகாரியாக ஆர்ம்ஸ்ட்ராங் பாரிஸில் பணியாற்றினார். எதிரிகள் மிக உயர்ந்த அதிர்வெண்களைப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சம் இருந்தது. அக்கால வால்வுகளோ அந்த அதிர்வெண்களைப் பெருக்கும் திறன் அற்றவை. விமான இயந்திரத்தின் தீப்பொறிச் செருகிகள் எழுப்பும் நுண்ணிய மின்னலைகளை ஒட்டுக்கேட்டால் வரும் விமானத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளலாமே என்றும் அவர் எண்ணினார். அதற்கும் அதே தடைதான். பெருக்க முடியாத அதிர்வெண்ணைப் பெருக்கப் போராடாமல், பெருக்கக்கூடிய ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணாக அதை மாற்றிவிட்டு, பின்னர் நிதானமாகப் பெருக்கலாம் என்பதே 1918-இல் அவர் கண்ட வழி. அதுவே மேலே சொன்ன சூப்பர்ஹெட்டரோடைன். பிரான்சில் லூசியன் லெவியும் ஜெர்மனியில் வால்டர் ஷாட்கியும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே எண்ணத்தை நெருங்கினார்கள். காப்புரிமைப் பூசலில் லெவிக்குப் பெரும் பங்கு கிடைத்தது என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஆனால் அதை வீட்டில் வைத்துப் பயன்படுத்தக்கூடிய ஏற்பியாக வளர்த்தெடுத்தவர் ஆர்ம்ஸ்ட்ராங்.

மற்ற வாசகர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். திருச்சி வானொலி நிலையத்தின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். முள்ளை அங்கே கொண்டுவந்து நிறுத்தும்போது, பெட்டிக்குள் இருக்கும் சிறு அலை உண்டாக்கி 1,391 கிலோஹெர்ட்ஸில் அதிர்கிறது. இரண்டும் கலக்கும்போது அவற்றின் வித்தியாசமாகிய 455 பிறக்கிறது. வேறு நிலையத்துக்குத் திருகினால் குமிழோடு சேர்ந்து திரும்பும் மின்தேக்கியான கேங் கண்டன்சரின் இரு பகுதிகளும் ஒன்றாகச் சுழன்று, வித்தியாசம் அப்போதும் 455 ஆகவே நிற்கும்படி பார்த்துக்கொள்கின்றன. ஆகவே மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலை கொண்ட அந்தச் சிறு ஐ.எஃப். சுருள்கள் ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும். தொழிற்சாலையில் ஒருமுறை கூர்மையாகச் சரிசெய்துவிட்டால், அடுத்தடுத்து நெருங்கி நிற்கும் நிலையங்களையும் பிரித்துக் காட்டும். பண்பலைக்கு இதே முறையில் 10.7 மெகாஹெர்ட்ஸ். வானொலியில் மட்டுமல்லாமல் தொலைக்காட்சி, ரேடார், கைபேசி என்று வளர்ந்த எல்லாவற்றிலும், உருவம் மாறினாலும், அதிர்வெண்ணை மாற்றிப் பெருக்கும் இந்த எண்ணம் தொடர்கிறது.

நம் காவிரிப் படுகைக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டென்று நான் கருதுகிறேன். திருச்சி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. 1960களின் நடுவில், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால ரகத்தை நாற்றங்கால் முதல் உரமிடுதல் வரை விளக்கி அந்த நிலையம் ஒலிபரப்பியது. கேட்டவர்கள் குறுவைக்கு அதை நட்டார்கள். ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. களத்து மேட்டிலும் தேநீர்க் கடையிலும் ஊராட்சி மன்றத்திலும் அந்தச் சொற்களை ஒலித்த பெட்டிகளின் உள்ளே இருந்தது, பாரிஸில் விமானத்தைக் கேட்பதற்காக எண்ணப்பட்ட சுற்று.

திருத்துறைப்பூண்டி விவசாயி ஒருவர்: ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போதும், பக்கத்துக் கொட்டகையில் பம்புசெட்டைப் போடும்போதும் திருச்சி நிலையம் கரகரக்கிறது. அதே பெட்டியில் காரைக்கால் பண்பலையை வைத்தால் ஒரு கரகரப்பும் இல்லை. ஏன்?

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதில்தான் ஆர்ம்ஸ்ட்ராங் தம் வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் செலவிட்டார். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மத்திய அலையில், பேசுபவரின் குரலுக்கு ஏற்ப அலையின் உயரம் கூடிக் குறைகிறது. ஏற்பி அந்த உயர மாற்றத்தைத்தான் குரலாக மாற்றித் தருகிறது. மின்னல் வெட்டும்போதும், ஸ்டார்ட்டர் பெட்டியில் தொடுமுனைகள் சேர்ந்து பொறி பறக்கும்போதும், மின்கம்பத்தில் தளர்ந்த இணைப்பு நனைந்து பொறியும்போதும் பிறக்கும் அலைகள் வந்து கலந்து அதே உயரத்தை மாற்றிவிடுகின்றன. குரலால் வந்த உயர மாற்றம் எது, மின்னலால் வந்தது எது என்று ஏற்பிக்குத் தெரிய வழியே இல்லை. எனவே இரண்டையும் சேர்த்தே ஒலிக்கிறது. நிலையத்தின் சக்தியைக் கூட்டுவது, ஏற்பி உள்ளே விடும் அதிர்வெண்களின் வாசலைக் குறுக்குவது என்று பொறியாளர்கள் முயன்ற எதுவும் நோயின் வேரைத் தொடவில்லை.

அலையின் உயரத்தை மாற்றாமல் அதன் அதிர்வெண்ணை மாற்றிக் குரலை ஏற்றும் பண்பலை முறை பற்றிய எண்ணம் புதிதன்று. ஆனால் 1922-இல் ஜான் கார்சன் என்னும் சிறந்த கணித அறிஞர், அம்முறையைக் கணக்கிட்டுப் பார்த்து, அது ஒலியைத் திரிக்கும், ஈடாக எந்த நன்மையும் தராது என்று எழுதினார். அவருடைய கணக்கில் பிழை இல்லை. குறுகிய அலைவரிசைக்குள் அடங்கும்படி அதிர்வெண்ணைச் சிறிதளவே அசைத்தால் அவர் சொன்னது உண்மைதான். இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால், வாசல் குறுகக் குறைந்த இரைச்சலே நுழையும் என்பது அன்றைய பொறியியலின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே வாசலை அகலத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங்கிற்குத் தோன்றியது. குரலுக்கு ஏற்ப அதிர்வெண் பெரிய அளவில், இன்றைய கணக்கில் இரு புறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை, ஊசலாடும்படி செய்தார். ஏற்பியில் இரு புதிய உறுப்புகளை வைத்தார். முதல் உறுப்பு, வந்த அலையின் உயரத்தில் உள்ள ஏற்ற இறக்கம் அனைத்தையும் ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறது. இடியும் பம்புசெட்டும் பெரும்பாலும் இங்கேயே ஒழிந்துபோகின்றன. இரண்டாவது உறுப்பு, அதிர்வெண் ஊசலாட்டத்தை மட்டும் படித்துக் குரலாக்குகிறது. இரைச்சல் அதிர்வெண்ணையும் சிறிது அசைக்கும் என்பது மெய். ஆனால் நிலையத்தின் அலையைவிட அது வலுக்குறைந்ததாக இருக்கும் வரை, அதனால் அசைக்க முடிந்த அளவு மிகச் சிறியது, குரலின் ஊசலாட்டமோ மிகப் பெரியது. அகலம் கூடக் கூடத் தெளிவு கூடுகிறது. நூல்கள் எதைச் செய்யாதே என்றனவோ அதைச் செய்தபோதுதான் இரைச்சல் அடங்கியது. இதற்கான காப்புரிமைகள் 1933 டிசம்பர் 26 அன்று அவருக்குக் கிடைத்தன.

இதற்கு ஒரு விலை உண்டு. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி போதும். பண்பலை நிலையம் ஒன்றுக்கு 200 தேவைப்படுகிறது. அவ்வளவு இடம் உயர்ந்த அதிர்வெண்களில்தான் உண்டு என்பதால் பண்பலை இன்று 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது, காரைக்கால் 100.3-இல் ஒலிக்கிறது. மின்னலின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே மிகுதி என்பதும் உங்களுக்குத் துணை நிற்கிறது. ஆயினும் அந்தத் துணை மட்டும் போதாது. அதே உயர் அதிர்வெண்ணில் பழைய முறையில் ஒலிபரப்பினால் பக்கத்தில் போகும் மோட்டார் சைக்கிளின் தீப்பொறிகூடக் கேட்கும்.

1934-இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில் கருவியை நிறுவி, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஏற்பியை வைத்து, ஒரே இசையைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் அனுப்பி ஒப்பிட்டார். 1935 நவம்பரில் வானொலிப் பொறியாளர் கழகக் கூட்டத்தில் கட்டுரை படித்தபோது, எந்த முன்னறிவிப்பும் இன்றி யாங்கர்ஸில் நண்பர் ஒருவரின் வீட்டு நிலையத்திலிருந்து வந்த ஒலிபரப்பை அவையினருக்குக் கேட்கச் செய்தார். குவளையில் தண்ணீர் ஊற்றும் ஒலி தண்ணீர் ஊற்றும் ஒலியாகவே கேட்டது. காகிதம் கசக்கும் ஒலி காகிதமாகவே கேட்டது. அதற்கு முன் வானொலியில் அப்படி எவரும் கேட்டதில்லை. நம் நாட்டில் பண்பலை முதலில் ஒலித்தது 1977-இல், சென்னையில்.

மயிலாடுதுறை வாசகி: இவ்வளவு சாதித்தவர் கடைசியில் மனம் உடைந்து இறந்தார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு அநீதி இழைத்தது யார்?

இரண்டு பெரிய வழக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழக்கு மீள்ஊட்டச் சுற்றைப் பற்றியது. அதைத் தாமே முதலில் கண்டதாக டி ஃபாரஸ்ட் வாதிட்டார். வழக்கு பல நீதிமன்றங்களைக் கடந்து, 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சுற்றின் இயக்கத்தை நீதிமன்றம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொறியாளர்கள் பலர் கருதினர். அந்தக் கண்டுபிடிப்புக்காக வானொலிப் பொறியாளர் கழகம் முன்னர் அளித்திருந்த பதக்கத்தைத் திருப்பித் தர ஆர்ம்ஸ்ட்ராங் அவர்களுடைய கூட்டத்திற்குச் சென்றார். கழகம் அதைப் பெற்றுக்கொள்ள மறுத்து, அவருடைய உரிமையை மீண்டும் உறுதிசெய்தது. அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். சட்டம் மறுத்ததைத் தொழில் அறிந்தவர்கள் மறுக்கவில்லை என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாவது, பண்பலை வழக்கு. ஆர்.சி.ஏ. என்னும் பெரும் அமெரிக்க வானொலி நிறுவனத்தின் தலைவர் டேவிட் சார்னாஃப் அவருக்கு இளமை நண்பர். 1914 ஜனவரியில் குளிர் மிகுந்த ஓர் இரவில், நியூ ஜெர்சிக் கடற்கரை நிலையத்தில் இருவரும் ஒன்றாக அமர்ந்து மீள்ஊட்டச் சுற்றில் தொலைதூர நிலையங்களைக் கேட்டவர்கள். ஆர்ம்ஸ்ட்ராங் மணந்த மரியன் மெக்கின்னிஸ், சார்னாஃப் அலுவலகத்தில் செயலராக இருந்தவர். 1923-இல் திருமணப் பரிசாக அவருக்கு ஆர்ம்ஸ்ட்ராங் அளித்தது, கையில் தூக்கிச் செல்லக்கூடிய சூப்பர்ஹெட்டரோடைன் வானொலி. எம்பயர் ஸ்டேட் உச்சியில் இடம் கொடுத்ததும் ஆர்.சி.ஏ.தான். ஆனால் பழைய முறையில் பெரும் முதலீடு செய்திருந்த அந்நிறுவனத்தின் கவனம் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பியது. 1935-இல் கருவிகளை எடுத்துச்செல்லும்படி அவரிடம் சொல்லிவிட்டது. அவர் தம் சொந்தப் பணத்தில் நியூ ஜெர்சியின் ஆல்பைன் என்னும் இடத்தில் 400 அடிக்கும் மேற்பட்ட கோபுரம் எழுப்பித் தாமே பண்பலை நிலையம் நடத்தினார். 1940-இல் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டாலர் ஒரே தொகையாகத் தந்து உரிமையை முடித்துக்கொள்ள முன்வந்தது. மற்ற நிறுவனங்கள் விற்பனைக்கு ஏற்ற பங்குத்தொகை தரும்போது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சலுகை தருவது நியாயமல்ல என்று அவர் மறுத்தார். இரண்டாம் உலகப் போரின்போதோ, தம் காப்புரிமைகளை அமெரிக்கப் படைகள் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ள அவரே அனுமதி வழங்கினார்.

1945-இல் அமெரிக்க அரசு ஆணையம் பண்பலையை 42–50 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலிருந்து இப்போதுள்ள உயர்ந்த பகுதிக்கு மாற்றியது. இலட்சக்கணக்கான ஏற்பிகள் ஒரே ஆணையால் பயனற்றுப் போயின. 1948-இல் அவர் ஆர்.சி.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். ஓராண்டு காலம் அவரையே சாட்சிக் கூண்டில் நிறுத்தி எதிர்த்தரப்பு கேள்விகளை நீட்டித்துக்கொண்டே போனது. காப்புரிமைகளின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது, பணம் கரைந்தது, இல்லறமும் குலைந்தது. 1954 ஜனவரி 31 இரவு, மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுத் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63.

சகோதரி கேட்ட கேள்விக்கு என் விடை இது: ஒரு தனிமனிதரின் கொடுமை என்பதைவிட, வழக்கை இழுத்தடித்தால் காப்புரிமையின் காலம் முடிந்துவிடும் என்பதை அறிந்த செல்வந்த நிறுவனங்களின் கணக்கே அவரை வீழ்த்தியது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மரியன் அம்மையார் வழக்குகளை விடவில்லை. 1954 இறுதியில் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை தந்து உடன்பட்டது. மற்ற நிறுவனங்கள் மீதும் அவர் தொடர்ந்து வழக்காடினார். மோட்டரோலாவுக்கு எதிரான கடைசி வழக்கிலும் 1967-இல் வெற்றி கண்டார். கணவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்துப் பண்பலை ஆர்ம்ஸ்ட்ராங்கின் உடைமை என்று ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டியவர் அவரே. ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றி எழுதுவோர் இந்த அம்மையாருக்கு ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வேதாரண்யம் வாசகர்: 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைத் தாக்கியபின் மின்சாரமும் கைபேசியும் இல்லாமல் இருந்தோம். புயல் காலத்துக்கென்று வானொலி வாங்கினால் பண்பலை மட்டும் உள்ளதை வாங்கலாமா?

வேண்டாம், மத்திய அலையும் பண்பலையும் சேர்ந்து உள்ள, பேட்டரியில் இயங்கும் பெட்டியை வாங்குங்கள். பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. தொடுவானத்திற்குச் சற்று அப்பாலோடு மெலிந்துவிடும். நம் படுகையில் குறுக்கே மலை இல்லாததால் அது நன்றாகவே பரவுகிறது என்றாலும், அருகில் உள்ள ஒரு கோபுரம் சாய்ந்தாலோ அதற்கு மின்சாரம் நின்றாலோ முழு வட்டாரமும் மௌனமாகிவிடும். மத்திய அலை நிலத்தைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும்; இரவில் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவிலிருந்தும் வரும். இலங்கை வானொலியை நம் கரையில் தலைமுறைகளாகக் கேட்டு வந்தது அவ்வாறுதான். புயலின் போது மின்னல் கரகரப்பு இருக்கும். ஆனால் வட்டாரத்திற்கு வெளியே, பாதிப்பில்லாத ஊரிலிருந்து வரும் செய்தி அந்தக் கரகரப்போடாவது வந்து சேரும். மத்திய அலைக்கு ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஃபெரைட் தண்டாக இருப்பதால், குரல் மெலிந்தால் பெட்டியை மெல்லத் திருப்பி வைத்துப் பாருங்கள்; பண்பலைக்கு வெளியே உள்ள கம்பியை முழுதாக நீட்டுங்கள். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் தொடுமுனைகள் அரித்துப்போகும்.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து, படகுகளில் பயன்படும் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) பேச்சுக் கருவி பற்றி: ஒரே சேனலில் இரண்டு படகுகள் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது; மற்றது அடியோடு மறைந்துவிடுகிறது. மத்திய அலையில் இரண்டு நிலையங்கள் கலந்தல்லவா ஒலிக்கின்றன?

மிக நுட்பமான கவனிப்பு. படகுகளில் உள்ள வி.எச்.எஃப். கருவிகள் 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில், அதிர்வெண்ணை அசைத்துக் குரலை ஏற்றும் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முறையிலேயே இயங்குகின்றன. உயரத்தை வெட்டிவிடும் உறுப்பைப் பற்றி மேலே எழுதினேன் அல்லவா? இரண்டு அலைகள் ஒன்றாக வரும்போது, வலுவான அலையின் ஊசலாட்டமே அந்த உறுப்பைக் கடந்து செல்கிறது. வலுக்குறைந்த அலை, மின்னல் இரைச்சலைப் போலவே, வெறும் உயர மாற்றமாகக் கருதப்பட்டு வெட்டப்படுகிறது. அதாவது இடியை அடக்கும் அதே குணம்தான் தொலைவில் உள்ள படகின் குரலையும் அடக்குகிறது. விமானங்களின் பேச்சுத் தொடர்புக்கு இன்றும் அலையின் உயரத்தை மாற்றும் பழைய முறையே நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அங்கே கூவலாவது கேட்டு, மற்றொருவர் இருப்பது தெரிந்துவிடும்.

ஆகவே கடலில் இருக்கும்போது, பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து கேளுங்கள். பொத்தானைக் கவனக்குறைவாக அழுத்தியபடியே வைத்திருந்தால், உங்களுக்கு அருகில் உள்ள படகுகள் அனைத்திற்கும் தொலைவிலிருந்து வரும் அபாய அழைப்பு கேட்காமல் போகும். சேனல் 16 அபாய அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. தொடர்பு கிடைத்ததும் உரையாடலை வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கருவியின் சக்தி கூடுவதைவிட ஏரியலின் உயரம் கூடுவது அதிகப் பயன் தரும். படகின் கொட்டகைக் கூரையில் கட்டியிருந்தால் அதைப் பாய்மரக் கம்பத்தின் உச்சிக்கு மாற்றி, கேபிள் இணைப்பில் உப்புநீர் புகாதபடி சுற்றிக் கட்டிவையுங்கள்.